மாரி கழியும் காலம்: அம்பாறைக் கரையோரத்தில் பறவைகளின் புறப்பாடு

பனி பெய்யும் நாடுகளில் வசந்தம் என்பது வருகையின் பருவமாகும். மாதக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்த மரங்களுக்கும் ஏரிகளுக்கும் பறவைகள் திரும்புவதைக் கண்டே அந்நாட்டு மக்கள் குளிர்காலம் முடிந்ததென மகிழ்கின்றனர். பிறமொழி இலக்கியங்களின் வழியாக நாம் அறிந்துள்ள வசந்தம் பெரும்பாலும் இத்தகையதே. எமது கரையோரத்திலோ நிலைமை நேர்மாறானது. அங்கு அவை வந்து சேர்வதற்கு, இங்கிருந்து புறப்பட்டாக வேண்டும். மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரையுள்ள காலம் எமக்கு விடைகொடுக்கும் காலமாக அமைகின்றது. கல்முனையையும் அதனை அடுத்த ஊர்களையும் நிலைக்களமாகக் கொண்டு, இப்பருவ மாற்றத்தில் பறவைகளிடத்தும் விலங்குகளிடத்தும் காணத்தக்கவை யாவை, அவை நிகழும் வகை யாது, அவை பெரும்பாலும் எமது கண்ணுக்குத் தப்பிவிடுவது ஏன் என்பவற்றை விளக்க இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

பருவமும் நிலமும்

தமிழ் மரபு ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்தது. மாசியும் பங்குனியும் பின்பனி எனவும், சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனவும் வழங்கப்பட்டன. இப்பகுப்பு எமது கரையோரத்துக்கு முற்றும் பொருந்துவதன்று. இங்கு ஆண்டினை ஆள்வன மாரி, கோடை என்னும் இரண்டுமே. வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களில் பெருமழையைக் கொணர்கின்றது. மாசியில் மழை ஓய்கின்றது; வாடை தணிகின்றது; வாய்க்கால்களில் நீர் தெளிகின்றது. பின்பனி இளவேனிலாக மாறுவதை எமது மக்கள் மாரி கழிதல் என்றே உணர்கின்றனர். வெப்பநிலையின் மாற்றத்திலும் நீர்மட்டத்தின் மாற்றமே இங்கு பருவத்தை அறிவிக்கின்றது. இவ்வுண்மையை மனங்கொண்டாலன்றிப் பின்னர் கூறப்படுவன விளங்கமாட்டா.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அமைந்துள்ளன. கிழக்கே கடல். மேற்கே களப்பும், சதுப்பும், வட்டைகளும். அவற்றுக்கு அப்பால் சம்மாந்துறையின் பரந்த வயல்கள். அவற்றையும் கடந்தால் காடு. பழந்தமிழர் நெய்தல், மருதம், முல்லை எனப் பிரித்துக் கூறிய நிலங்களை இங்கு ஒரே நாளிற் கடந்துவிடலாம்.

காட்டுப் பகுதிகளுட் சில தேசியப் பூங்காக்களாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்காவாயிற்று. பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குச் செல்லும் வீதியின் ஓரத்தில் லகுகல – கித்துலானத் தேசியப் பூங்கா உள்ளது. 1980இல் பிரகடனப்படுத்தப்பட்ட இப்பூங்கா 1554 ஹெக்டயர் பரப்பினையே உடையது. எனினும் அதன் குளங்களும் குளத்துப் புல்லும் யானைகளுக்குப் பேரிடமாக விளங்குகின்றன. பாணமைக்குத் தெற்கே குமனை உள்ளது. அங்குள்ள வில்லு 1938 முதல் பறவைகளின் சரணாலயமாகும்.

இவை யாவும் பெயர்பெற்ற இடங்கள். ஆயினும் பறவைகள் பூங்காவின் எல்லைக்கற்களை அறிவதில்லை. மாரிக்குப் பின் எமது வீட்டுப் புறத்தேயுள்ள வட்டைகளும் களப்போரங்களும் வேலியில்லாத பூங்காவாகவே மாறுகின்றன. பருவ மாற்றத்தைக் காண விரும்புபவர் அதிகாலையில் வயல்வரம்பு வரை நடந்து சென்றாலே போதுமானது.

புறப்படுவோர்

ஆவணி, புரட்டாதி தொடக்கம் எமது நாட்டுக்கு வரும் வலசைப் பறவைகள் மத்திய ஆசியப் பறவைப் பாதை எனப்படும் பெருவழியின் தென்கோடியை இங்கு அடைகின்றன. இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்காவரை கடலே பரந்துள்ளது. ஆதலின் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு இத்தீவு பயணத்தின் முடிவிடமாகும். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் நீலச்சிறகித் தாராக்களும் ஊசிவால் தாராக்களும் வருகின்றன. வயற்சேற்றில் உள்ளான்களும் களப்போரத்தில் பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும் இரை தேடுகின்றன. மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாய் அமர்கின்றன. வீட்டுத் தோட்டத்தின் நிழலில், காலையும் மாலையும் ஒரே வேளையில் ஒலிக்கும் குரலால் ஆறுமணிக் குருவி எனப் பெயர்பெற்ற பறவையைக் காண்கின்றோம். இது இமயமலையின் அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் கூடுகட்டுவது.

இவை புறப்படுமுன் காட்டும் அறிகுறிகள் மூன்றாகும். முதலாவது நிறமாற்றம். மாரிக்காலத்தில் சாம்பல் நிறமாய், ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்த இயலாதவாறு காணப்பட்ட கரைப்பறவைகள் பங்குனியில் புதிய இறகு பெறுகின்றன. உப்புக்கொத்திகளுட் சிலவற்றின் மார்பில் துருநிறப் பட்டை தோன்றுகின்றது. வட துருவத்தை அண்டிய சைபீரியாவில் கூடுகட்டும் வளைந்த அலகுடைய உள்ளான் வகையொன்று செங்கல் நிறம் கொள்கின்றது. இவ்வழகு எமக்காக ஏற்பட்டதன்று. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், அவை இணைசேரும் நிலத்துக்குரிய கோலம் அது. புறப்படும் தறுவாயில் நாம் அதன் தொடக்கத்தை மட்டும் காண்கின்றோம்.

இரண்டாவது பெருந்தீனி. நெடும்பயணத்துக்கு வேண்டிய எரிபொருளைப் பறவை கொழுப்பாகவே உடலிற் சேர்க்கின்றது. சிறிய கரைப்பறவைகள் சில வாரங்களில் தம் எடையிற் பாதியளவினை மேலதிகமாகப் பெறுவதுண்டு. அதனினும் கூடுதலாகப் பெறுவனவும் உள. பங்குனியில் அவை ஓய்வின்றி இரை கொத்துவதன் காரணம் இதுவேயாகும். களப்பில் நீர் வற்ற வற்ற வெளிப்படும் சேற்றிலுள்ள புழுக்களும் சிறு நத்தைகளும் அவற்றின் கட்டுச்சோறாகின்றன.

மூன்றாவது அமைதியின்மை. அதுவரை தனித்தனியே மேய்ந்தவை கூட்டமாகச் சேர்கின்றன. காரணமின்றி எழுந்து வட்டமிட்டு மீண்டும் இறங்குகின்றன. பல இனங்கள் பொழுதடையும் வேளையிற் புறப்பட்டு இரவிலேயே பறக்கின்றன. மாலையில் களப்போரத்தில் நின்ற கூட்டம் மறுநாட் காலையில் இல்லாது போவது இவ்வாறே.

நாள் அறியும் வகை

புறப்படும் நாளை இவை எவ்வாறு அறிகின்றன? வெப்பம் கூடுவதால் என்பது எளிதில் தோன்றும் விடை. அது சரியன்று என்பதை 1920களின் நடுப்பகுதியில் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரோவன் காட்டினார். கடுங்குளிரில் திறந்த கூண்டுகளில் வைத்த சிறு பறவைகளுக்கு மின்விளக்கினால் பகற்பொழுதை நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டினார். உறைபனிக்கு நடுவிலும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்திற்போல் வளர்ச்சியடைந்தன. பறவை கணிப்பது வெயிலின் சூட்டையன்று, பகலின் நீளத்தை என்பது இதனாற் பெறப்பட்டது.

ஆயின் எமது நிலத்தில் ஓர் ஐயம் எழுகின்றது. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே அமைந்த கல்முனையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 50 நிமிடங்களே. இச்சிறு வேறுபாடு போதுமானதா? இவ்வையத்தை நீக்க உதவியவை ஜேர்மனிய அறிஞர் எபர்ஹார்ட் குவின்னர் 1960களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய ஆய்வுகளாகும். வலசைபோகும் சிறு கதிர்க்குருவிகளை, பகலும் இரவும் எந்நாளும் மாறாத அறைகளில் அவர் வளர்த்தார். பருவத்தை அறிய வழியேதும் இல்லாத அவ்வறைகளிலும் அவை உரிய காலத்தில் இறகு உதிர்த்தன. இரவுகளில் பயண வேட்கையால் படபடத்தன. அச்சுழற்சி ஓராண்டுக்குக் கிட்டிய கால அளவில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. பறவையின் உடலுள்ளே ஓர் ஆண்டுக் கடிகாரம் உண்டு; பகலின் நீளம் அதனைச் சரிபார்க்கின்றது எனலாம்.

இவ்விடத்தில் எமது ஊர்களின் வழக்கமொன்று ஒப்புநோக்கத்தக்கது. எமது மக்கள் நோன்பையும் பெருநாளையும் பிறைகண்டு கணிக்கின்றனர். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. எனவே நோன்பு மாதம் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் மாரியையும் கோடையையும் முழுமையாகச் சுற்றி வருகின்றது. ஆனால் அதே மக்கள் விதைப்புக்கும் அறுவடைக்கும் தை, மாசி, சித்திரை எனச் சூரிய மாதங்களையே கூறுகின்றனர். பயிர் பிறையை அறியாது, சூரியனையே அறியும். இவ்வகையிற் பறவையும் உழவனும் ஒரே பஞ்சாங்கத்தைப் பின்பற்றுபவர்களாவர்.

புலவர் கண்ட வடதிசைப் பயணம்

வலசைபோதல் பற்றிய தெளிவு தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார் அன்னச் சேவல் ஒன்றை விளிக்கின்றார். குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குப் பெயரும் அப்பறவை, இடையே சோழநாட்டிற் கோழியூரில் தங்கித் தம் பெயரைக் கோப்பெருஞ்சோழனிடம் கூறவேண்டுமென்பது அவர் வேண்டுகோள். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரும், தென்திசைக் குமரியில் ஆடி வடக்கே திரும்பும் நாரையிடமே வறுமையுற்ற தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்புகின்றார்.

இவ்விரு பாடல்களையும் நட்புக்கும் வறுமைக்கும் சான்றுகளாகவே பலகாலும் படித்துவந்துள்ளோம். ஆயின் இரண்டிலும் பறவை செல்லும் திசை வடக்கு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தெற்கே வந்து உண்டு நீராடியபின் அது திரும்புகின்றது. இரு புலவரும் தேர்ந்தெடுத்தது வருகையை அன்று. மாரி கழிந்தபின் நிகழும் புறப்பாட்டையே. வழியிலுள்ள குளங்களில் அது தங்கிச் செல்லும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். பறவை இடையில் இறங்காவிடின் செய்தி சேராது. இறங்குவதற்குக் குளம் இல்லாவிடினும் அவ்வாறே.

தங்கியிருப்போர்

வலசைப் பறவைகள் புறப்படும் அதே வாரங்களில், எம்முடன் ஆண்டு முழுவதும் வாழும் பறவைகள் இல்வாழ்வுக்கு ஆயத்தமாகின்றன. அறுவடை இயந்திரத்தின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் பொன்னிறம் ஏறுகின்றது. வாய்க்காலோரத்து மடையானின் முதுகு செங்கருமை கொள்கின்றது. காகம் சுள்ளி பொறுக்கத் தொடங்குகின்றது. அதனையடுத்துக் குயிலின் குரல் ஓங்குகின்றது. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இடுவதாகலின் காகம் கூடுகட்டும் காலமே குயில் கூவும் காலமாகவும் அமைகின்றது. இளவேனிலின் இனிய இசையென நாம் பாராட்டுவதன் பின்னணி இதுவாகும்.

இதன் பெருங்காட்சியைக் குமனை வில்லுவிற் காணலாம். ஏப்ரல் முதல் யூலை வரையில் கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியன அங்குள்ள நீர்நிலை மரங்களில் நெருங்கிக் கூடுகட்டுகின்றன. யால கிழக்குத் தேசியப் பூங்கா என்னும் பெயரில் 1970இல் பிரகடனப்படுத்தப்பட்ட இப்பகுதி, போர்ச்சூழல் காரணமாக 1985 தொடக்கம் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2004 ஆழிப்பேரலை அதன் கரையோரத்தைத் தாக்கியது. 2006இல் குமனைத் தேசியப் பூங்கா எனப் பெயர்மாற்றம் பெற்றது. 2010இல் அதன் ஈரநிலங்கள் றம்சார் சாசனத்தின்கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்தனவாக ஏற்கப்பட்டன.

கோடையின் தொடக்கத்தில் அவை கூடுகட்டுவது ஏன்? நீர்மட்டம் தாழுங்கால் மீன்கள் ஆழங்குறைந்த குட்டைகளில் ஒடுங்குகின்றன. குஞ்சுகளுக்கு இரை தேடும் பெற்றோர்க்கு அப்போது உழைப்புக் குறைகின்றது. ஆகவே களப்போரச் சேற்றில் கொழுத்துப் புறப்படும் உள்ளானும், வில்லுவில் குஞ்சு பொரிக்கும் நாரையும் ஒரே நிகழ்ச்சியினால் வாழ்கின்றன. மாரி நீர் மெல்ல மெல்ல வற்றுதலே அந்நிகழ்ச்சியாகும். நீர் தேங்கி நில்லாது ஓடிப்போனால் சேறும் இல்லை, குட்டையும் இல்லை.

அறியப்படாத பிரிவு

இனி, எமது சிந்தனைக்குரிய முக்கிய செய்திக்கு வருவோம். வருகையை நாம் உடனே அறிகின்றோம். இதுவரை இல்லாத ஒன்று இன்று கண்ணிற் படுவதால் அது செய்தியாகின்றது. புறப்பாடு அவ்வாறன்று. இன்று கண்ட உள்ளான் இவ்வாண்டின் கடைசி உள்ளான் என்பதை இன்று எவராலும் கூறவியலாது. பல நாள் காணாதபின்னரே, அன்று கண்டதே கடைசி என்பது புலனாகின்றது. நாள்தோறும் குறித்துவைத்தவர் அந்நாளைக் கூறுவர். குறிக்காதவர்க்கு அது என்றென்றும் தெரியாது.

பறவைக்குப் பொருந்தும் இவ்வுண்மை அவை வாழும் நிலத்துக்கும் பொருந்துகின்றது. எமது ஊர்கள் கிழக்கே கடலால் எல்லைப்பட்டவை. மக்கள் பெருகுந்தோறும் வீடு, பாடசாலை, சந்தை என்பவற்றுக்கு நிலம் வேண்டியிருக்கின்றது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரத்தைச் சூறையாடியது. 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் கடற்கரையிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டுதல் தடைசெய்யப்பட்டது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டதாயினும், வீடிழந்தோர் மேற்கு நோக்கியே பார்க்க நேர்ந்தது. மேற்கில் இருந்தது வயலும் தாழ்நிலமுமே. உற்றாரைக் கடலுக்குப் பறிகொடுத்த குடும்பத்திடம் உள்ளானுக்காக நிலத்தை விட்டுவிடு எனக் கூற எவர்க்கும் உரிமையில்லை. அதனை நாமும் கூறவில்லை.

ஆயின் தாழ்நிலம் வெறுநிலமன்று என்பதைக் கூறவேண்டியுள்ளது. மாரியில் வட்டைகளிலிருந்து வழியும் வெள்ளம் கடலை அடையுமுன் தங்குமிடம் அது. அங்கு மண் கொட்டி நிரப்பப்படும்போது நீர் தன் தங்குமிடத்தை வேறோரிடத்தில், பெரும்பாலும் வீட்டு முற்றத்தில், தேடிக்கொள்கின்றது. ஒரு வளவு நிரப்பப்படுவதை எவரும் இழப்பாக எண்ணுவதில்லை. பறவை அடுத்த வளவுக்குப் போய்விடும் என்கின்றோம். இவ்வாறு வளவு வளவாக நிகழ்வதால் எந்த ஆண்டில் பறவை வராது போயிற்று என்பதையும் எவரும் குறித்து வைப்பதில்லை.

விலங்குகளின் நிலையும் இதனின் வேறன்று. எமது மாவட்டத்தின் பள்ளக்காட்டில் அமைந்த குப்பைமேட்டில் யானைகள் இரை தேடிவந்து பிளாஸ்டிக்கை விழுங்குவது உலகச் செய்தியானது. அங்கு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என 2022 ஜனவரியில் செய்திகள் கூறின. லகுகலக் குளத்தின் புல்லை மேய்வதற்குரிய விலங்கு, அண்டை ஊர்களின் அடுப்படியிலிருந்து கழிந்த பையை மென்று மாண்டது. இருபதாவது யானை வீழ்ந்த பின்னரே நாம் எண்ணத் தொடங்கினோம். முதலாவதை எண்ணியிருப்பின் இருபதுவரை சென்றிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

செய்யத்தக்கது

இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல்கள் ஆங்கிலத்திலேயே எழுந்தன. லெக் என்பாரின் நூல் 1878 முதல் 1880 வரையும், ஹென்றியின் கைந்நூல் 1955இலும் வெளிவந்தன. அவற்றின் பெருமையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. எனினும் எமது வட்டைகளில் பரண் கட்டி இராக்காவல் புரிந்தவர்களும், களப்பில் வலை வீசியவர்களும் பறவைகளைப் பெயர்சொல்லி அறிந்திருந்தனர். எந்தப் பறவை முன்மாரியில் வரும், எது சூடு மிதிக்கும் காலத்தில் மறையும் என்னும் அறிவு அவர்களிடம் இருந்தது. அவ்வறிவும் ஒரு வலசைப் பறவையைப் போன்றதே. முதியோர் ஒவ்வொருவருடனும் ஓசையின்றிப் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றது.

எனவே எமது மாணவர்க்கு எளிய பணியொன்றை முன்வைக்கின்றோம். தை மாதத்திலிருந்து வைகாசிவரை வாரம் இருமுறை, ஒரே வரம்பில், ஒரே வேளையில் நடந்து, கண்டவற்றை நாளிட்டுக் குறித்தல் வேண்டும். தொலைநோக்கி இருப்பின் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. பறவையின் பெயரை வயலில் நிற்பவரிடம் கேட்டு, அவர் சொன்னவாறே எழுதுதல் வேண்டும். நீர் எவ்வளவு நின்றது என்பதையும் சேர்த்தெழுதுதல் நலம். ஓராண்டுக் குறிப்பினால் பெரும்பயன் விளையாது. பத்தாண்டுக் குறிப்பு ஒரு களப்பின் வரலாறாகும்; அதனை நிரப்பக் கருதுவோர் முன் வைக்கத்தக்க சான்றுமாகும்.

பிசிராந்தையார் தம் பெயரை ஓர் அன்னத்திடம் நம்பி ஒப்படைத்தார். அது வழியில் இறங்கும் என்பதிலும் அடுத்த ஆண்டு மீளும் என்பதிலும் அவர்க்கு ஐயமிருக்கவில்லை. இவ்வாண்டுச் சித்திரையில் எமது வட்டையிலிருந்து எழும் கடைசிக் கூட்டத்தின் நாளைக் குறித்துவைப்பின், புரட்டாதியில் அது திரும்பியதா என்று கேட்கும் தகுதியையேனும் நாம் பெறுவோம்.